படத்தில் இல்லாத புள்ளி

மேஜை பிசுபிசுத்தது. ரேடியோ முழங்கையை வைத்தாள், எடுத்தாள், அதில் ஒட்டிக்கொண்டு வந்த பிஸ்கட் தூளைப் பார்த்தாள், மறுபடி அதே இடத்தில் வைத்தாள். ஒட்டுக்கேட்க வந்த இடத்தில் சுத்தபத்தம் பார்த்தால் ஆகுமா?

சுக்கு சார் உட்காரவே இல்லை. கல்லூரி கேன்டீனின் தூணருகே, தூணின் மேல் படாமல் நின்றுகொண்டிருந்தார். தனியார் துப்பறிவாளர், தொழிலில் இருபது வருஷம். மனித குலமே குளிக்காமல் தன் வீட்டு நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி ஒரு முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெருக்காரர்கள் அவருக்குச் சுக்கு என்று பெயர் வைத்தார்கள். ரேடியோ அவருடைய உதவியாளர். அவள் பெயர்க்காரணம் அவள் வாயைத் திறந்த இரண்டாவது நிமிஷம் யாருக்கும் விளங்கிவிடும்.

விஷயம் இதுதான். அன்று காலை பத்து மணிக்கு இரண்டாம் ஆண்டுக் கணக்குத் தேர்வு. புள்ளிகளையும் கோடுகளையும் போட்டு, எந்த வழி குறுக்கு வழி, எந்தக் கேபிளை எங்கே இழுத்தால் மிச்சம் என்று கேட்கிற நெட்வொர்க், கிராஃப் தாள். பதினொன்றரை மணிக்கு ஆண்கள் கழிவறையில் துப்புரவுக்காரர் ஒரு காகிதத்தைக் கண்டெடுத்தார். எங்கே கிடந்தது, எந்த நிலையில் கிடந்தது என்று அவர் விவரிக்க ஆரம்பித்தபோது சுக்கு கையைத் தூக்கி, "போதும்பா, மீதியை நானே நினைச்சுக்கறேன்" என்றுவிட்டார். மை கரைந்து ஊதா நிறக் கூழாகிவிட்ட காகிதத்தில் மூன்று எண்கள் மட்டும் பிழைத்திருந்தன. 34, 41, 29. மூன்று பெரிய கேள்விகளுக்கும் சரியான விடைகள்.

பழி விழுந்தது டைப்பிஸ்ட் தலையில். கேள்வித்தாள் மூன்று நாள் அவள் கம்ப்யூட்டரில் இருந்தது, வேறு யார் செய்திருக்க முடியும் என்று துறைத் தலைவி சொன்னாராம், எல்லோரும் தலையாட்டினார்களாம். மூன்று மணிக்கு பிரின்சிபால் அறையில் விசாரணை. விசாரணை என்பது மரியாதைக்குச் சொல்வது. வேலைநீக்க உத்தரவுக்குத் தேதி போட்டாகிவிட்டது, அடுத்து போலீஸ். டைப்பிஸ்ட் வீடு ரேடியோ வீட்டுக்கு நேர் எதிர். அவள் போனில் அழுத அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை, ஆனால் ரேடியோவுக்குப் பாதி வார்த்தையே அதிகம். அடுத்த அரைமணியில் சுக்குவை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டாள்.

இப்போது மணி ஒன்று.

"பரீட்சை முடிஞ்சு வெளிய வர்ற பசங்க முதல்ல என்ன பண்ணுவாங்க?" என்றார் சுக்கு.

"சாப்பிடுவாங்க சார்."

"அதுக்கும் முன்னாடி."

"விடை ஒத்துப் பாப்பாங்க."

"அதேதான். நேர்மையா எழுதினவன் எங்க இடறினான்னு பேசுவான். திருடினவன் பேச ஒண்ணும் இருக்காது. போ, காதைத் திற, வாயை மூடு."

"ரெண்டும் ஒரே சமயத்துலயா சார்? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

மணி அடித்தது. கேன்டீன் நிறைந்தது. பக்கத்து மேஜையில் ஏழெட்டுப் பேர் கேள்வித்தாளை விரித்துப் போட்டு அதன் மேல் கவிழ்ந்தார்கள். ஒருவன் தாளின் மேலேயே காபி டம்ளரை வைத்தான். இன்னொருவன் பன்னைக் கடித்தபடி பேசியதில் கேள்வி எண் இரண்டின் மேல் ஈரத் துணுக்குகள் விழுந்தன. ரேடியோ யாரோ ஒரு பையனின் அம்மா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நாற்காலியை அரை அடி நகர்த்தினாள்.

"முதல் கேள்வி முப்பத்திநாலு தானே?"

"முப்பத்திநாலு."

"ஐயோ, எனக்கு முப்பத்தாறுடி. எங்கம்மா கொன்னுடுவாங்க."

"கேபிள் கணக்கு?"

"நாப்பத்தொண்ணு. நீ பி-டி இழுத்தியா?"

"இல்லையே, நான் பி-ஈ இழுத்தேன். ஆனா எனக்கும் நாப்பத்தொண்ணு!"

ரேடியோ எழுந்து தூணுக்கு ஓடினாள். "சார்! மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு பேர் படம் வேற வேற, விடை மட்டும் ஒண்ணு. ரெண்டுல ஒருத்தன் திருடன்."

"ரெண்டு பேரும் சரி."

"எப்படி சார்?"

"பி-டியும் பி-ஈயும் ஒரே தூரமா இருக்கும். எதை இழுத்தாலும் மொத்தம் மாறாது. கேபிள் கணக்குல ஒரே கேள்விக்கு ரெண்டு சரியான படம் இருக்கலாம்."

"ரெண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கறதா? எங்க தெருவுல இது நடக்காது சார்" என்று முணுமுணுத்தபடி அவள் திரும்பினாள். அவள் நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள். அதனால் அடுத்த மேஜைக்குப் போக நேர்ந்தது. அதுதான் அன்றைய அதிர்ஷ்டம்.

முதலில் வந்தது வாசனை. அது வாசனைதானா என்று ரேடியோவுக்குச் சந்தேகம். மூக்கில் ஏறி நேரே மண்டைக்குப் போய் அங்கே குடியிருந்தது. அதற்குப் பின்னால் ஐந்து பையன்கள் வந்தார்கள். வாசனையின் சொந்தக்காரனுக்கு மனசுக்குள் செண்ட்டு என்று பெயர் வைத்துவிட்டாள். ஐவர் கையிலும் கேள்வித்தாள் இல்லை. ஒருவன் அதை அம்பு போல மடித்து ஏற்கெனவே பறக்க விட்டிருந்தான். செண்ட்டு எதிர் நாற்காலியில் ஷூவோடு காலைத் தூக்கி வைத்து, போனைக் காதில் வைத்தான்.

"அத்தை... ம்... அப்படியே வந்துச்சு அத்தை. ஆமா, மூணும். சரி, வெச்சிடறேன்."

போனை வைத்துவிட்டு, பக்கத்து மேஜையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "என்னடா, இன்னும் பொணத்தைச் சுத்தி ஒப்பாரியா? நாங்க பதினொண்ணுக்கே முடிச்சிட்டுத் தூங்கிட்டோம்."

கண்ணாடி போட்ட ஒரு பெண் நிமிர்ந்தாள். "உனக்கு முதல் கேள்வி என்ன வந்துச்சு?"

"முப்பத்திநாலு."

அவள் முகம் விழுந்துவிட்டது. போன வருஷம் இதே தாளில் இரண்டு தடவை கோட்டை விட்டவனுக்கும் தனக்கும் ஒரே விடை என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? "எந்த வழியில போன?"

"ஏ, சி, எஃப், ஐ, ஜே" என்றான் செண்ட்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"ஏ, சி, எஃப், ஜே, கே தானே வரும்?"

"ஐ, ஜே. டேய், நீ என்னடா எழுதுன?"

"ஐ, ஜே" என்றான் அவன் தோழன். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

கண்ணாடிக்காரி தாளை எடுத்து விரலால் தேடினாள். "இதுல 'ஐ'-ன்னு ஒரு புள்ளியே இல்லையேடா."

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செண்ட்டு சிரித்தான். "அவசரத்துல ஒரு எழுத்து மாறியிருக்கும். மொத்தம் சரிதானே? போடி, வாத்தியார் மொத்தத்தைத்தான் பாப்பாரு."

ரேடியோ இந்தத் தடவை ஓடவில்லை. மெதுவாகப் போனாள், அந்தப் பெண்ணிடம் தாளை ஒரு நிமிஷம் கேட்டு வாங்கினாள், தூணுக்கு வந்து சொன்னாள். சுக்கு தாளின் மூலையை இரண்டு விரலால் பிடித்து, காபி வட்டத்தைத் தவிர்த்துப் படத்தைப் பார்த்தார். பத்து வட்டங்கள். ஏ முதல் எச் வரை எட்டு. அடுத்து நேராக ஜே, கே. கேள்வி தெளிவாக இருந்தது: 'ஏ-யிலிருந்து கே-வுக்கு மிகக் குறைந்த தூரப் பாதையைக் காண்க.'

"இல்லாத ஊர் வழியாப் போயி, போகச் சொல்லாத ஊர்ல இறங்கியிருக்கானுங்க" என்றார். முகம் இன்னும் ஒரு சுற்று சுருங்கியது. "அஞ்சு பேருக்கும் ஒரே அவசரம், ஒரே எழுத்துல. படத்தை ஒரு தடவை கண்ணால பாத்திருந்தாக்கூட இது நடந்திருக்காது ரேடியோ. திருடறதுலகூட இவ்வளவு சோம்பேறித்தனமா? கிளம்பு, உன் எதிர்வீட்டைப் பாக்கலாம்."

டைப்பிஸ்ட் அலுவலக வாசல் பெஞ்சில், மடியில் கைப்பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மேஜையைக் காலையிலேயே பூட்டிச் சாவியை வாங்கிவிட்டார்கள். எதிரே போகிறவர்கள் எல்லோரும் திடீரென்று சுவரில் ஏதோ படிக்க இருப்பதுபோல் நடந்தார்கள்.

"அக்கா, பதினோரு வருஷம் அக்கா" என்றாள். "ஒரு தாள்கூட என் கைய விட்டுப் போனதில்ல. வீட்ல சொன்னா அவர் கேக்கற முதல் கேள்வி, 'நீ செய்யலைன்னா ஏன் உன்னைச் சொல்றாங்க'ன்னு இருக்கும்."

"அதை நான் பாத்துக்கறேன். இப்ப சார் கேக்கறதுக்குப் பதில் சொல்லு" என்றாள் ரேடியோ.

சுக்கு படத்தைக் காட்டினார். "இதுல எச்சுக்கு அப்புறம் 'ஐ' எங்கம்மா?"

டைப்பிஸ்ட் மூக்கைத் துடைத்தாள். வேலை சம்பந்தப்பட்ட கேள்வி என்றதும் குரல் நிமிர்ந்தது. "படத்துல நான் 'ஐ' வைக்கவே மாட்டேன் சார். எங்க அச்செழுத்துல அது வெறும் கோடு மாதிரி நிக்கும். பக்கத்துல எல்லாம் தூரம் போட்டிருக்கும் இல்ல? நாலு வருஷம் முன்னாடி ஒரு கிளாஸே அதை ஒண்ணுன்னு படிச்சுக் கூட்டிட்டாங்க. பெரிய ரகளை. அதுலேருந்து எச்சுக்கு அப்புறம் ஜே தான்."

"கையால எழுதிக் குடுத்த படத்துல 'ஐ' இருந்துச்சா?"

"அதுல எழுத்தே இருக்காது சார். வெறும் வட்டம்தான் போட்டுக் குடுப்பாங்க. இடது பக்கத்துலேருந்து எழுத்து வைக்கறது என் வேலை. அதுக்கேத்த மாதிரி கேள்வியிலயும் நானே எழுத்தைப் போட்டுடுவேன்."

"அடிச்சு முடிச்சதும் யார் சரிபார்த்தாங்க?"

"பெரிய மேடம். துறைத் தலைவி. கையெழுத்துப் போட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "புரட்டிப் பாத்த மாதிரி தெரியல."

"விடைக்குறிப்பு?"

"அது என்கிட்ட வரவே வராது சார். கையால எழுதி, அரக்கு வெச்சு, நேரா பிரின்சிபால் பீரோவுக்குப் போயிடும்."

ரேடியோ தொடையில் தட்டிக்கொண்டாள். "அப்ப தாள் போட்டவர்தான் சார்! அந்த இளம் வாத்தியார். வட்டம் போட்டவர் அவர்தானே? மனசுல வரிசையா ஏ, பி, சின்னு எண்ணி, விடையை வித்துட்டார். முடிஞ்சுது கதை."

இளம் வாத்தியார் ஆசிரியர் அறையில் ஒரு மூலையில், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே கோபமாக உட்கார்ந்திருந்தார். சுக்கு, கழிவறைக் காகிதத்தில் இருந்த மூன்று எண்களையும் சொன்னதும் அவர் கோபம் வேறு திசைக்குப் போனது.

"இருபத்தொன்பதா? என் கணக்குக்கு இருபத்தேழு நாள்தான் சார் வரணும்! கட்டட வேலை எத்தனை நாள்ல முடியும்னு கேட்ட கேள்வி அது. பூச்சு வேலைக்கு நான் ஆறு நாள் போட்டேன். மேடம் அதை எட்டுன்னு மாத்தியிருக்காங்க. விடைக்குறிப்பையும் அவங்களே எழுதிட்டாங்க. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல. காலையில பத்து மணிக்குக் கவரைப் பிரிக்கும்போதுதான் நானே பாத்தேன். இப்படித்தான் சார் இங்க, நாம ஒண்ணு போட்டா..."

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். சுக்கு வெளியே வந்துவிட்டார். ரேடியோ பின்னாலேயே வந்தாள்.  அவள் முகம் சுக்குவின் முகத்தைப் போலவே ஆகிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு பிரின்சிபால் அறையில் ஐந்து பேர். பிரின்சிபால், துறைத் தலைவி, டைப்பிஸ்ட், அவள் சார்பில் பேச வந்தவர்கள் என்று சுக்குவும் ரேடியோவும். துறைத் தலைவி நல்ல உயரம், நல்ல உடை, நல்ல குரல். டைப்பிஸ்ட் உள்ளே வந்ததும் தன் பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். "அழாதம்மா. உண்மையைச் சொல்லிட்டா மனசு லேசாயிடும். நாங்க என்ன உன் எதிரியா?"

டைப்பிஸ்ட் அதை வாங்கவில்லை. கைக்குட்டை மேஜை மேல் கிடந்தது.

"எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்" என்றார் சுக்கு. "விடைக்குறிப்புக் கவரைப் பிரிச்சு, முதல் கேள்வியோட விடையைப் படிங்க சார்."

"அது எதுக்கு? அரக்கு வெச்சது" என்றார் துறைத் தலைவி.

"திருத்தறதுக்கு எப்படியும் பிரிக்கணுமே மேடம்."

பிரின்சிபால் பீரோவைத் திறந்தார். அரக்கு உடையாமல் இருந்தது. உடைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: "பாதை: ஏ, சி, எஃப், ஐ, ஜே. தூரம் முப்பத்திநாலு."

"இப்ப கேள்வித்தாள்ல 'ஐ' எங்கன்னு காட்டுங்க."

பிரின்சிபால் தேடினார். தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

"கிடைக்காது. இந்த அம்மா அந்த எழுத்தை வைக்கறதே இல்லை. இவங்க கம்ப்யூட்டர்லேருந்து திருடியிருந்தா ஜே, கேன்னு எழுதியிருப்பாங்க. இந்தக் காலேஜ்ல 'ஐ' இருக்கறது ரெண்டே இடம். ஒண்ணு, இந்த அரக்குக் கவருக்குள்ள. இன்னொண்ணு, அஞ்சு பசங்களோட விடைத்தாள்ல. கட்டைப் பிரிச்சுப் பாருங்க. கேள்வியைத் திருடினவன் படத்தைப் பாத்திருப்பான். விடையை மட்டும் வாங்கினவன்தான் படத்தைப் பாக்காமலே எழுதுவான். விடை இந்த அம்மா கைக்கு என்னிக்குமே வந்ததில்ல."

"தாள் போட்டவர் இருக்கார் இல்ல?" துறைத் தலைவியின் குரல் அப்போதும் நன்றாகவே இருந்தது. "சின்ன வயசு. ஆசை காட்டினா..."

"அவர் கணக்குல மூணாவது விடை இருபத்தேழு. நீங்க ஆறை எட்டாக்கினதுக்கு அப்புறம்தான் அது இருபத்தொன்பது. அது அவருக்கே இன்னிக்குப் பத்து மணிக்குத்தான் தெரியும். அவருக்கு அப்புறம், டைப்பிஸ்ட்டுக்கு முன்னாடி. நடுவுல ஒரே ஒரு புள்ளிதான் மேடம் இருக்கு. எந்தக் கோட்டைப் பிடிச்சாலும் அது வழியாத்தான் போகுது."

 ரேடியோவால் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

"கேன்டீன்ல ஒரு பையன் போன்ல பேசினான் மேடம். பரீட்சை முடிஞ்சு வந்து 'நல்லா எழுதினேன்'னு சொல்ற பிள்ளைங்களைப் பாத்திருக்கேன், 'கஷ்டமா இருந்துச்சு'ன்னு சொல்றதையும் கேட்டிருக்கேன். 'அப்படியே வந்துச்சு அத்தை'ன்னு சொல்றவனை இன்னிக்குத்தான் பாத்தேன். ஒரு மைல் தூரத்துக்கு செண்ட் அடிக்குமே, அவன் உங்க தம்பி மகனா மேடம்?"

துறைத் தலைவி அவள் பக்கம் திரும்பவே இல்லை. பிரின்சிபாலைப் பார்த்துத்தான் பேசினார்.

"சார், நான் கேள்வியைக் குடுக்கல. அது பாவம்னு எனக்குத் தெரியாதா? ஒரு கேள்விகூட என் வாயிலேருந்து வரல. வெறும் விடைதான். ரெண்டு தடவை ஃபெயிலான பையன், தம்பி சம்சாரம் தினமும் போன் பண்ணி அழறா. அவன் இன்னும் நாலு பேருக்குக் குடுப்பான்னு நான் கண்டேனா?"

"பழியை எதுக்கு இவ மேல போட்டீங்க?" என்றாள் ரேடியோ.

"யார் மேலயாவது விழுந்துதானே ஆகணும்?" துறைத் தலைவி உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "இவளுக்கு என்ன, இன்னொரு இடத்துல டைப் அடிப்பா."

பிரின்சிபால் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. 

"நாம எல்லாம் ஒரு குடும்பம்" என்று ஆரம்பித்தார். "விஷயம் இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். அச்சுப் பிழையால தேர்வு ரத்துன்னு போட்டுடலாம். மேடம் உடல்நலக் குறைவுன்னு லீவுல போகட்டும். நீயும் அழாத, உன் வேலை உனக்கு இருக்கு. இந்தா மேஜை சாவி. போய் அந்த ரெண்டு வரியை அடிச்சு எடுத்துட்டு வாம்மா."

டைப்பிஸ்ட் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். பக்கத்து அறையில் விசைகளின் சத்தம் கேட்டது. வேகமாக, நிற்காமல். இரண்டு வரிக்கு அது நீளமான சத்தம் என்று ரேடியோ நினைத்தாள்.

திரும்பி வந்து ஒரு தாளை பிரின்சிபால் முன் வைத்தாள். அவர் வாசிக்க வாசிக்க உதடு மட்டும் அசைந்தது. இன்றைய தேர்வின் விடைகள் துறைத் தலைவி எழுதிய விடைக்குறிப்பிலிருந்து அவராலேயே வெளியே தரப்பட்டன. அதனால் தேர்வு ரத்து. தட்டச்சருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. காலையில் அவர் மீது சொன்ன குற்றச்சாட்டு பொய். கீழே கையெழுத்துக்கு இரண்டு இடம்: பிரின்சிபால், துறைத் தலைவி.

"இதையா நான் அடிக்கச் சொன்னேன்?"

"இல்ல சார்." தாளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "எது தப்புன்னு காட்டுங்க, திருத்திக் குடுக்கறேன்."

அவர் மறுபடி படித்தார். மேலிருந்து கீழே, விடைத்தாள் திருத்துகிற மாதிரி, மதிப்பெண் குறைக்க ஓர் இடம் தேடுகிற மாதிரி. கிடைக்கவில்லை. சுக்குவைப் பார்த்தார்.

"அவங்க நாலு வரியில முடிச்சிருக்காங்க" என்றார் சுக்கு. "நான் எழுதினா நாலு பக்கம் வரும். அது இங்க வராது, நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்."

பிரின்சிபால் சட்டைப்பையைத் தடவினார், மேஜை டிராயரைத் தடவினார். சுக்கு தன் பேனாவை எடுத்து நீட்டினார். பிரின்சிபால் கையெழுத்துப் போட்டார். பேனா மேஜையின் மறுபக்கம் போனது. துறைத் தலைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தார்.

டைப்பிஸ்ட் மூன்று பிரதி எடுத்தாள். ஒன்றைக் கோப்பில் வைத்தாள். ஒன்றை அறிவிப்புப் பலகையில் நான்கு மூலைக்கும் ஊசி குத்தி மாட்டினாள். அதுவரை சுவரைப் படித்துக்கொண்டு நடந்தவர்களுக்குப் படிக்க நிஜமாகவே ஒன்று கிடைத்தது. மூன்றாவதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "வீட்டுக்கு" என்றாள்.

வாசலை நோக்கி நடக்கும்போது சுக்கு அந்தப் பேனாவை இரண்டு விரல் நுனியால், உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். கேட்டருகே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார்.

"சார்! நல்ல பேனா சார் அது!"

"ரெண்டு பேர் கையும் பட்டிருக்கு."

ரேடியோ தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பாதி தின்ற பன்னின் மேல் பேனா மினுங்கிக்கொண்டு கிடந்தது. கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, இழுத்துக்கொண்டு, புடவையில் அழுத்தித் துடைத்தபடி அவர் பின்னால் நடந்தாள்.